சார்ட்டில் எல்லோருக்கும் மூச்சு 18

போன வாரம் நைட் டியூட்டியில், புதிதாகச் சேர்ந்த நர்ஸ் எழுதிய சார்ட்டுகளை, அதாவது நோயாளியின் பி.பி., மூச்சு எல்லாம் குறிக்கும் தாள்களை, புரட்டினேன். 12 நோயாளிகள், 12 பேருக்கும் மூச்சு நிமிடத்துக்கு 18. திட்ட வாய் வரவில்லை, ஏனென்றால் என் முதல் இரண்டு வருட சார்ட்டுகளைத் தோண்டினால் அதிலும் இதே 18தான் கிடக்கும், மாறுதலுக்கு எப்போதாவது ஒரு 20. வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு, நோயாளியின் பாதுகாப்புக்காகச் சில விஷயங்கள் சொல்கிறேன். கை கழுவுவது, வழுக்கும் தரை இதெல்லாம் முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், விடுகிறேன்.

எண்ணாமல் எழுதும் மூச்சு

பி.பி.க்கு மெஷின் உண்டு, ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கிளிப் உண்டு. மூச்சுக்கு மட்டும் நாம்தான் ஒரு முழு நிமிடம் நின்று எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பொய்.

எனக்கு இது ஒரு நோயாளியிடம் பிடிபட்டது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் இரவு. பத்து மணிக்கு 18 எழுதினேன், இரண்டு மணிக்கும் 18. பி.பி. நன்றாக இருந்தது, மாஸ்க்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்ததால் கிளிப்பும் 96 காட்டியது. மனிதர் படுக்காமல் உட்கார்ந்தே இருந்தார், ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாகப் பேசினார், நான் தூக்கம் வராமல் தவிக்கிறார் என்று நினைத்தேன். ஐந்து மணிக்குக் கைகால் சில்லிட்டு பி.பி. 80க்கு வந்துவிட்டது. டியூட்டி டாக்டர் ஓடிவந்து தானே எண்ணினார்: 34. சார்ட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மணிக்கு 18ஆ சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். குடலில் போட்ட தையல் கசிந்திருக்கிறது. பிழைத்தார், ஆனால் பல நாள் ஐசியுவில் கிடந்து.

தொற்று ரத்தத்தில் பரவும்போது உடம்பில் அமிலம் சேரும், அதை ஈடுகட்ட நுரையீரல் கரியமில வாயுவை வேகவேகமாக வெளியேற்றும். அதனால் பி.பி. விழுவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சு ஏறிவிடுவதுண்டு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய 'நியூஸ்' எச்சரிக்கை மதிப்பெண்ணில், மூச்சு 12 முதல் 20 வரை என்றால் பூஜ்யம், 21 முதல் 24 என்றால் 2, 25ஐத் தொட்டால் 3. மூச்சு, பி.பி. போன்றவற்றில் ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலே டாக்டரை அவசரமாகக் கூப்பிட வேண்டும். மூச்சு 8 அல்லது அதற்குக் கீழே போனாலும் 3தான், மூச்சைக் குறைக்கக்கூடிய வலி மருந்தான மார்ஃபின் போட்டவர்களிடம் அதையும் கவனியுங்கள். நான் கற்பனையாகப் போட்ட 18க்கு மதிப்பெண் என்ன? பூஜ்யம். அந்த மனிதருக்கு அடிக்க வேண்டிய மணியை நானே கழற்றி வைத்துவிட்டேன்.

எண்ணப் போகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னதும் அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதும் வேண்டாம், ஒன்று தவறினால் நான்கு தவறும். நிஜமாகவே நேரமில்லையா, சரி, கட்டத்தைக் காலியாக விடுங்கள். அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் ஏன் காலி என்றாவது கேட்பார்.

"நீங்கதானே 7ஆம் பெட்?"

மருந்து கொடுக்கும் முன் இப்படிக் கேட்காதீர்கள். பெட் மாறும். காது கேட்காதவரும் தலையாட்டுவார். பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயால் சொல்லட்டும், அப்புறம் கைப்பட்டையோடு ஒப்பிடுங்கள். தினமும் பார்க்கிற முகமானாலும் சரி.

இன்சுலின் எழுதும்போது

'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கில முதலெழுத்தை மட்டும் போட்டால் பூஜ்யம் மாதிரி தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும்.

பொட்டாசியம் குளோரைடு

இந்த ஊசி மருந்தைக் கலக்காமல் ஏற்றினால் இதயமே நின்றுவிடும், அதனால் கலக்காத ஆம்பூல் (மருந்துக் குப்பி) வார்டு அலமாரியில் இருக்கவே கூடாது. இருந்தால் இன்றே திருப்பி அனுப்புங்கள்.

போனில் வரும் ஆர்டர்

எழுதிக்கொண்டு, மருந்தின் பெயரையும் அளவையும் திரும்பப் படித்துக் காட்டி, டாக்டர் ஆமாம் என்ற பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். நடுராத்திரியில் அவர் எரிச்சல்படுவார். படட்டும்.