பினாங்குக்கு வருமுன் கைப்பேசிக்குச் செய்ய வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் சாக்லேட்டுக்கு இடம் ஒதுக்குவதில் காட்டும் அக்கறையைக் கைப்பேசியில் காட்டுவதில்லை. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் ஏதாவது ஒரு சிம் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்புதான். இணையம் மட்டும் வேண்டுமென்றால் அது போதும். பினாங்குத் தீவிலும் கோலாலம்பூரிலும் இணையம் எட்டாத மூலை குறைவு. சிக்கல் எண்ணில் இருக்கிறது. வங்கிக் கணக்கு, டச் அண்ட் கோ மின்பணப்பை, மருந்தகத்தின் அழைப்பு, வாட்ஸ்அப் பக்கமே போகாத பெரியப்பா என்று எல்லாம் ஒரு மலேசிய எண்ணைத்தான் தேடுகின்றன. சுற்றுலாப் பயணிக்கு இது பெரிதில்லை. அப்பாவின் நிலவரி கட்டவும் தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் பேசவும் வருகிறவருக்கு இதுதான் முதல் வேலை.

பழைய எண்ணும் புதிய எண்ணும்

ஊரைவிட்டுப் போகும்போது ப்ரீபெய்ட் சிம்மை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போனவர்கள், அது இன்னும் உங்களுடையதுதான் என்று நம்பிக்கொண்டு வராதீர்கள். பணம் நிரப்பாத எண் காலாவதியாகும், கொஞ்ச காலம் காத்திருக்கும், பிறகு ரத்தாகும். அதன்பின் அது வேறொருவருக்குப் போகலாம். உங்கள் வங்கிக் கணக்கு அந்த எண்ணோடு பிணைந்தே கிடந்தால், பணம் அனுப்பும்போது உங்களுக்கு வர வேண்டிய ஒருமுறைக் குறியீடு முகம் தெரியாத ஒருவரின் கையில் போய் விழும். வந்த முதல் வாரமே அடையாள அட்டையுடன் வங்கிக் கிளைக்குப் போய் எண்ணை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளை அடுத்து, இங்குள்ள வங்கிகள் குறுஞ்செய்திக் குறியீட்டை விட்டுச் செயலி வழி ஒப்புதலுக்கு மாறிவருகின்றன. அந்த ஒப்புதல் ஒரே ஒரு கருவியோடு கட்டப்பட்டது. புதிய கைப்பேசியில் செயலியைப் பதிந்தால் உடனே பணம் அனுப்ப முடியாது, சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின இரவில் கைப்பேசியை மாற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது.

எண் உயிரோடு இருந்து சிம் அட்டை மட்டும் தொலைந்திருந்தால் கவலை இல்லை. யார் பெயரில் பதிவோ அவரே நேரில், மைகார்டு என்ற அடையாள அட்டையுடன், சிம் தந்த நிறுவனத்தின் கிளைக்குப் போனால் அதே எண்ணில் புதிய சிம் தருவார்கள். நேரில் வர வேண்டும் என்பதால்தான், 'அண்ணன் பெயரில் எடுத்துக்கொண்டால் என்ன' என்ற குறுக்குவழி வேண்டாம் என்கிறேன். சிம் கெட்டுப்போகிற நாளில் அண்ணன் ஜொகூரில் வேலையாக இருப்பார்.

மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் கடப்பிதழைக் காட்டித்தான் சிம் பதிய வேண்டும். அவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டுக் கடப்பிதழில் வருகிறவர்கள் மலேசிய மின்னியல் வருகை அட்டையை வந்திறங்கும் முன், மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பியாக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. இது இலவசம். பணம் கேட்கும் தளம் குடிநுழைவுத் துறையுடையது அல்ல. விமான நிலைய வைஃபையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் வீட்டிலேயே முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

புறப்படும் முன்

கைப்பேசி பூட்டப்பட்டதா என்று முதலில் பாருங்கள். தவணையில் வாங்கிய கைப்பேசியை விற்ற நிறுவனமே பூட்டி வைத்திருக்கலாம். அப்படியானால் எந்த மலேசிய சிம்மைப் போட்டாலும் அது திரும்பிப் பார்க்காது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் 'கேரியர் லாக்' என்ற வரி இருக்கும். அங்கே தடை ஏதும் இல்லை என்று இருந்தால் நிம்மதி. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய கைப்பேசியை விற்கக் கூடாது என்பது விதி. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள்தான் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். பூட்டைத் திறக்கும் வேலையை அங்கிருந்தபடியே முடியுங்கள். ஜார்ஜ்டவுனில் கொம்தார் கோபுரத்தை ஒட்டிய பிராங்கின் மால் கடைகளில் 'திறந்து தருகிறேன்' என்று சொல்ல ஆள் கிடைக்கலாம், வங்கிச் செயலி இருக்கும் கைப்பேசியை அவரிடம் நான் நீட்ட மாட்டேன்.

அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 முதலான கைப்பேசிகளில் சிம் செருகும் துளையே இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதிகிற சிம், தருகிற நிறுவனத்தையே நாட வேண்டும். இ-சிம்மைப் பதிவதற்கே இணையம் வேண்டும் என்பதால் வீட்டு வைஃபையிலோ விமான நிலைய வைஃபையிலோ அதைச் செய்யுங்கள். கியூஆர் குறியை இன்னொரு கைப்பேசித் திரையிலோ தாளிலோ வைத்துக்கொண்டால் படம் பிடிப்பது எளிது. பதிந்தபின் 'வேலை செய்யவில்லை' என்று பதறி அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அந்தக் குறி ஒரு முறைக்குத்தான் செல்லும்.

வெளிநாட்டு இணையதளங்களில் விற்கும் பயண இ-சிம்கள் மலிவுதான், ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் இணையம் மட்டுமே உண்டு, எண் கிடையாது. அந்த இணையமும் பல நேரங்களில் வேறொரு நாட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போகிறது. உங்கள் வங்கிச் செயலி நீங்கள் ஹாங்காங்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கதவை அடைக்கக்கூடும். மூன்று நாள் தங்கிவிட்டுப் போகிறவருக்கு அது போதும், ஒரு மாதம் வருகிறவருக்குப் போதாது.

எந்த நிறுவனம்?

ஊரைவிட்டுப் பல வருடம் ஆனவர்கள் இன்னும் 012 என்றால் மேக்சிஸ், 016 என்றால் டிஜி, 019 என்றால் செல்காம் என்றே பேசுகிறார்கள். 2008 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் முன்னெண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. செல்காமும் டிஜியும் 2022 இறுதியில் ஒன்றாகிவிட்டன. 011 எண்கள் மற்றவற்றைவிட ஓர் இலக்கம் நீளம். மச்சான் எண்ணைத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அவரிடம் சண்டை போடாதீர்கள்.

5ஜி விளம்பரங்களைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் பயன் குறைவு. 2021 இறுதியில் தொடங்கிய 5ஜி, டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் அமைத்த ஒரே கட்டமைப்பில்தான் வெகு காலம் எல்லா நிறுவனங்களுக்கும் ஓடியது. இரண்டாவது கட்டமைப்பை அமைக்க யூ மொபைல் என்ற கைப்பேசி நிறுவனம் 2024இல்தான் தேர்வு பெற்றது. உண்மையான வேறுபாடு 4ஜியில், அதுவும் நீங்கள் படுத்து எழும்பும் வீட்டில் தெரியும். பாலேக் பூலாவ் மலைச்சரிவிலோ கெடா பக்கத்துத் தோட்டத்திலோ ஒரு நிறுவனத்தின் அலை திண்ணை வரை வந்து நின்றுவிடும், இன்னொன்று சமையலறை வரை போகும். ஆகவே வாங்கும் முன் அத்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்கள் வீட்டுப் பின்கட்டில் எந்த நிறுவனத்தின் லைன் கிடைக்கிறது?' அவர் சொல்வதைக் கடைக்காரர் சொல்வதற்கு மேலாக மதியுங்கள்.

விமான நிலையத்து முகப்பில் வாங்கினால் வேலை சுருக்காக முடியும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலோ கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலோ வாங்கினால் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். 'கடப்பிதழா, அடையாள அட்டையா அண்ணே?' என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்காரர் தொடங்குவார். முப்பது நாற்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஒரு மாதத் திட்டம் கிடைக்கிறது. அப்போது இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு உண்டா? திட்டம் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொண்டு மிச்சப் பணத்தை விழுங்குமா? பிள்ளைகளின் ஐபேட் எல்லாவற்றையும் அப்பாவின் கைப்பேசியில் மாட்டுகிற குடும்பங்களுக்கு முதல் கேள்வி மிக முக்கியம்.

இரண்டு சிம், ஒரு கைப்பேசி

பெரும்பாலான பில் அதிர்ச்சிகள் இங்கேதான் பிறக்கின்றன. லண்டன் சிம்மையும் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அங்குள்ள வங்கியின் குறுஞ்செய்தி வரும். மலேசிய சிம்மும் வேண்டும். இரண்டையும் கைப்பேசி தாங்கும், ஆனால் எது எதற்கு என்று நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

இணையத்துக்கு மலேசிய சிம்மைத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டு சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். இத்துடன் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ஐபோனில் 'செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்' என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது. அது திறந்திருந்து, ரோமிங்கும் திறந்திருந்தால், ஒரு சிம்மில் அலை குறைந்ததும் கைப்பேசி உங்களைக் கேட்காமலே மற்றதன் இணையத்தைக் குடிக்கத் தொடங்கும். இரண்டையும் மூடுங்கள். வெளிநாட்டு எண்ணில் வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். குறுஞ்செய்தியைப் பெறுவதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் பணம் வாங்குவதில்லை, இருந்தாலும் உங்கள் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடும். புதிய சிம்மைக் கண்டதும் 'எண்ணை மாற்றவா?' என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெயர்ப் பட்டியலில் உள்ள ஊர் எண்களை +60 போட்டு, முன்னிருக்கும் பூஜ்யத்தை எடுத்துவிட்டுப் பதிந்தால் எந்த சிம்மிலிருந்து அழைத்தாலும் போய்ச் சேரும்.

சிக்கல் வந்தால்

அலை நிறையக் காட்டுகிறது, இணையம் இல்லை. முதலில் விமானப் பயன்முறையை அரை நிமிடம் போட்டு எடுங்கள். தீரவில்லை என்றால் திட்டம் உண்மையிலேயே தொடங்கியதா என்று நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். பணம் நிரப்பியது வேறு, திட்டம் வாங்கியது வேறு. அதுவும் சரியென்றால் ஏபிஎன் என்ற அமைப்பைப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் இணைய வாசல் எது என்று கைப்பேசிக்குச் சொல்லும் ஒரு சிறு சொல் அது. வெளிநாட்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பழைய நிறுவனத்தின் சொல்லே தங்கிவிடுவது உண்டு. சரியான சொல்லை நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலோ முகப்பிலோ கேட்டு, எழுத்துப் பிசகாமல் போடுங்கள். சிங்கப்பூர் வழியாக ஜொகூரில் நுழைந்தவர்கள், நெட்வொர்க் தேர்வு 'தானியங்கி'யில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்பு கையால் ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் கைப்பேசி அதையே தேடிக்கொண்டிருக்கும்.

இணையம் வருகிறது, அழைப்பு எடுத்தால் நின்றுவிடுகிறது. இதற்கு ஒரு பின்னணி உண்டு. மலேசியா 2021 இறுதியோடு 3ஜியை மூடிவிட்டது. உங்கள் கைப்பேசியால் இங்குள்ள நிறுவனத்தின் 4ஜி வழியே குரல் அழைப்பைக் கொண்டுபோக முடியாவிட்டால், அழைப்பு வந்த நொடியில் அது நேராக 2ஜிக்கு இறங்கும். திரையின் மேல் மூலையைப் பாருங்கள். 4ஜி என்ற குறி மறைந்து வேறொன்று வரும், வரைபடம் அப்படியே உறையும், வைத்ததும் பழையபடி ஓடும். செட்டிங்ஸில் வோல்ட்டி என்ற 4ஜி குரல் அழைப்பு வசதியை இயக்குங்கள், கைப்பேசியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். வோல்ட்டி என்ற பொத்தானே தென்படவில்லை என்றால் அந்தக் கைப்பேசியை அந்த நிறுவனம் ஏற்கவில்லை என்று கொள்ளலாம். நிறுவனத்தை மாற்றிப் பார்ப்பது கைப்பேசியை மாற்றுவதைவிட மலிவு.

வீட்டு வைஃபை தனிக் கதை. ரவுட்டர் இரண்டு பெயர்களைக் காட்டும், ஒன்றின் கடைசியில் 5ஜி என்றிருக்கும். அது கைப்பேசி நிறுவனத்தின் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலை. பக்கத்தில் வேகம், சுவரைத் தாண்டினால் சோர்வு. பழைய கடைவீட்டின் தடித்த செங்கல் சுவருக்குப் பின்னால் படுக்கையறை இருந்தால் மற்றப் பெயரில் சேருங்கள். விடுதிகளிலும் பேரங்காடிகளிலும் வைஃபையில் சேர்ந்தும் உள்நுழைவுப் பக்கம் திறக்கவில்லை என்றால் இணையத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன்னையும், செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்றிருப்பதையும் அணைத்துவிட்டு மறுபடி சேருங்கள். முக்கால்வாசி நேரம் அங்கேதான் முடிச்சு.

'நெட்வொர்க் ரீசெட்' கடைசி மருந்து. சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் போய்விடும். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இ-சிம்மையும் அழிக்கவா என்று கேட்கும், அதைத் தொடாதீர்கள்.

தைப்பூசத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பினாங்கின் தண்ணீர்மலை அடிவாரத்திலும் ரதம் போகும் வழியிலும் பத்துமலையிலும் குறி முழுதாக இருக்கும், ஒரு படம்கூட நகராது. கோபுரம் பழுதாகவில்லை, ஒரே கோபுரத்தில் அத்தனை பேரும் தொங்குகிறார்கள். 5ஜியை அணைத்து 4ஜியில் வைத்தால் சில நேரம் வழி பிறக்கும். சாதாரணக் குறுஞ்செய்தி, இணையம் அசையாத இடத்திலும் பெரும்பாலும் போய்விடும். வரைபடத்தை முந்தின நாளே இறக்கி வையுங்கள். எந்தத் தண்ணீர்ப் பந்தலில் சந்திப்பது என்று குடும்பத்தோடு பேசிவிட்டுப் புறப்படுங்கள். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் வருகிறவர்களுக்கு ஈப்போ தாண்டியதும் சுரங்கங்கள் வரும். அங்கே அழைப்பு அறுந்தால் சிம்மைத் திட்ட வேண்டாம்.

புதிய எண் வாங்கிய சில நாட்களிலேயே போலீஸ், கூரியர், வங்கி என்று சொல்லிக்கொண்டு அழைப்புகள் வரத் தொடங்கலாம். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியைப் பதியும் கோப்பைத் திறந்தால், பத்திரிகை வராது, கணக்கு காலியாகும். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 997க்கு அழையுங்கள், தேசிய மோசடிப் பதில் மையம் அது. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் தீயணைப்புக்கும் ஒரே எண், 999.

திரும்பிப் போகும்போது எண்ணை உயிரோடு வைத்துக்கொள்ள நினைத்தால், தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, எண்ணின் செல்லுபடிக் காலத்தை எவ்வளவு நீட்டலாம் என்று நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். ஒரு வருடம் வரை நீட்டித் தருகிற திட்டங்கள் உண்டு. காலாவதி நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இங்குள்ள தம்பியோ தங்கையோ தங்கள் கைப்பேசியிலிருந்தே உங்கள் எண்ணுக்குப் பணம் நிரப்பிவிடலாம். அந்த எண்ணில் மலேசியக் குறுஞ்செய்தி வெளிநாட்டிலும் வர வேண்டுமென்றால் ரோமிங் சேவை திறந்திருக்கிறதா என்பதை விமானம் ஏறும் முன், இங்கிருக்கும்போதே சரிபார்த்துவிடுங்கள்.