கிளுவை வேலியைச் சீமைக்கருவேல் மூடிவிட்டால்: கொறங்காட்டு வேலியைத் திருத்திப் புதுப்பிக்கும் முறை

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலி சூழ்ந்த மானாவாரி மேய்ச்சல் நிலங்களில், மாடும் செம்மறியும் ஆள் காவல் இல்லாமலேயே பகல் முழுவதும் மேய்வதற்குக் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் எவ்வளவு காரணமோ, சுற்றிலும் நிற்கும் கிளுவை என்னும் முள்மரத்தின் உயிர்வேலியும் அவ்வளவு காரணம். ஆண்டுதோறும் கழித்துவிடாமல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கைவிடப்பட்ட வேலியில் கிளுவை உச்சியில் மட்டும் தழைத்து அடியில் மொட்டையாகிவிடும். ஆடுமாடுகளின் சாணத்தில் வந்த விதையிலிருந்து சீமைக்கருவேல் முளைத்து நிழல் கட்டும். எப்போதோ இழுத்துக் கட்டிய முள்கம்பி துருவேறி மரப்பட்டைக்குள் புதைந்துபோகும். தூரத்திலிருந்து பார்த்தால் அடர்ந்த புதராகத் தெரியும் அந்த வேலியின் அடியில் ஆட்டுக்குட்டி தடையின்றி நுழைந்து வெளியேறும்.

இந்த நிலைக்கு வந்த வேலியை ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்தெடுத்துவிட்டுக் கல்காலும் கம்பியும் போடுவதே இப்போது பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் வழி. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல ஆண்டுகளாக வேலிக்காலில் படிந்த மேல்மண்ணும், காற்றைத் தடுத்த மறைப்பும், கௌதாரியும் கீரியும் தங்கிய இடமும் அந்த ஒரு நாளில் போய்விடுகின்றன. கம்பி வேலி துருப்பிடிக்கும். கிளுவையோ போத்து (வெட்டியெடுத்த கிளைத்துண்டு) ஊன்றினால் மீண்டும் தழைக்கும். உயிரோடு இருப்பதைக் காத்து, செத்த இடத்தை மட்டும் மாற்றி, ஆண்டுக்கு ஒரு பக்கமாக வேலை செய்தால் ஒரு சிறு குடும்பத்தின் ஆள்பலமும் கைப்பணமும் இதற்குப் போதும்.

முதலில் வேலியைச் சுற்றி நடக்க வேண்டும்

மாசி மாதத்தில் கிளுவை இலையுதிர்த்து நிற்கும்போது வேலியின் உட்புறமாக ஒரு முறையும் வெளிப்புறமாக ஒரு முறையும் முழுச் சுற்றும் நடந்து பார்க்க வேண்டும். கிளுவையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உயிருள்ளது பச்சையாகத் தெரியும். செத்தது பழுப்பாக இருக்கும். ஆடு நுழையும் சந்துகளுக்கு ஒரு நிறத் துணியும், பழைய கம்பி புதைந்த மரங்களுக்கு வேறொரு நிறத் துணியும் கட்டி வைத்தால் பின்னால் வேலைக்கு வருபவர்களுக்கு எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எல்லையையும் இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கவனிக்கப்படாத வேலி ஆண்டுக்கு ஆண்டு அகன்று, பல இடங்களில் பழைய எல்லைக் கோட்டிலிருந்து நகர்ந்திருக்கும். புலப்பட (நில அளவை வரைபட) நகலை வாங்கி, எல்லைக்கற்களைத் தேடிப் பிடித்து, சந்தேகம் இருந்தால் நில அளவைக்கு மனுச் செய்து அளந்த பிறகே கைவைக்க வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரரிடம் வேலை தொடங்கும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். வேலிக்கு வெளியே இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) ஓடினால், அது பொதுப் பாதையாக இருக்கக்கூடும் என்பதால் புதிய வேலி ஒரு முழம்கூட அதற்குள் போகக் கூடாது. வேலிக்காலில் பனை நின்றால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. அது வேலிக்கு இடைஞ்சலான மரமும் அன்று.

வேலை நடக்கும் பக்கத்தில் மாடும் ஆடும் இருக்கக் கூடாது. கொறங்காடு இரண்டு மூன்று தடுப்புகளாக இருந்தால் வேறு தடுப்புக்கு மாற்றிவிடலாம். ஒரே காடாக இருந்தால், வேலை முடியும்வரை பட்டியில் அடைத்துச் சோளத்தட்டு போட வேண்டியிருக்கும். அதற்கான தீவனத்தை முன்பே கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டுதல்

கொடுவாள், தொரட்டி, கோடாரி, கடப்பாரை, மண்வெட்டி, கம்பி வெட்டும் பிளேயர், வெட்டிய முள்ளைத் தொடாமல் தள்ளுவதற்கு நீண்ட கவைக்கோல் ஆகியவை வேண்டும். சீமைக்கருவேல முள் செருப்பை மட்டுமல்லாமல் டிராக்டர் டயரையும் துளைக்கும் என்பதால் தடித்த அடியுள்ள பூட்ஸ், தோல் கையுறை, கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் யாரையும் வேலியில் இறக்கக் கூடாது. வேலை தொடங்கும் முன்பே எல்லோரும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. முள்ளோ துருக்கம்பியோ குத்தாமல் இந்த வேலை முடிவதில்லை. ஒரு முள்வாங்கியும் பையில் இருக்கட்டும்.

சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இத்தகைய வேலியடிகளில் தங்கும். காலையில் வேலை தொடங்கும்போது நீண்ட கோலால் புதரைத் தட்டிச் சற்று நேரம் காத்திருந்துவிட்டு இறங்க வேண்டும். கல் குவியலையும் காய்ந்த சருகையும் கையால் விலக்கக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவதிலும் கீறிவிடுவதிலும் நேரத்தை இழக்காமல், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108 அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வெட்டும்போது எல்லாவற்றையும் களையாக எண்ணிவிடக் கூடாது. சங்கஞ்செடி, சூரை, ஆதண்டை, இண்டு போன்ற முட்செடிகள் கிளுவைக்குத் துணை நின்று அடியை அடைப்பவை. அவற்றை இடுப்பளவுக்குக் கழித்துவிட்டால் போதும். கோவை, வேலிப்பருத்தி, பிரண்டை போன்ற கொடிகள் ஒரு செடியை முழுவதும் மூடி அமுக்கியிருந்தால் மட்டும் அறுத்துவிடலாம். உண்ணிச்செடியை வேரோடு எடுத்தே ஆக வேண்டும், ஏனெனில் பசித்த மாடு அதைத் தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரியும். கிளைகளில் முட்டையோ குஞ்சோ உள்ள கூடு தென்பட்டால் அந்தச் சில அடியை இரண்டு மாதம் கழித்து வெட்டலாம். வேலைக்கு அதனால் பெரிய தாமதம் எதுவும் வராது.

சீமைக்கருவேலைத் தரையோடு வெட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. அதன் அடிக்கட்டையில் மண்ணுக்குச் சற்றுக் கீழே வரை மொட்டுகள் உண்டு. தரையோடு வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டுகள் எழும். எனவே காய்ந்த பருவத்தில் கிளைகளையெல்லாம் கழித்துவிட்டு, இரண்டரை மூன்றடி உயரத்துக்கு முண்டத்தை விட்டுவைக்க வேண்டும். கோடை மழை ஒன்றிரண்டு பெய்து மண் நெகிழ்ந்ததும், அந்த முண்டத்தில் சங்கிலி மாட்டி டிராக்டரால் மெதுவாக இழுத்தால் வேரோடு வந்துவிடும். முண்டத்தைக் குட்டையாக வெட்டியிருந்தால் சங்கிலி பிடிக்க இடமே இருக்காது. கிளுவையை ஒட்டி முளைத்ததை இப்படி இழுக்கக் கூடாது, கிளுவையின் வேரும் சேர்ந்து வந்துவிடும். அங்கே கடப்பாரையால் சுற்றிலும் பறித்து, தரைக்கு ஓர் அடி கீழே வேர்க்கழுத்தை வெட்டியெடுக்க வேண்டும். இது மெதுவான வேலைதான். ஒரு நாளில் இரண்டு ஆள் பத்துப் பன்னிரண்டு மரத்துக்கு மேல் எடுக்க முடியாமல் போகலாம். இருந்தாலும் அப்படி எடுத்த இடத்தில் அது மறுபடியும் துளிர்த்து வந்ததை நான் பார்த்ததில்லை.

விறகுக்கு ஆகும் கட்டையைப் பிரித்து அடுக்கி, கரிமூட்டம் போடுபவர்களுக்கு விற்றால் கூலியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். முட்கிளைகளை வேலி ஓரத்திலேயே கொளுத்திவிட வேண்டாம். பக்கத்துக் கிளுவை வெந்துபோவதோடு, புதிதாக ஊன்றப்போகும் போத்துக்கு அரணாக அதே முள் பின்னால் தேவைப்படும். பழுத்த காய் உள்ள கிளைகளை மட்டும் தனியே பிரித்து, காட்டுக்கு வெளியே வெற்றிடத்தில் எரித்துவிட வேண்டும். அந்தக் காயை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். தின்ற விதை சாணத்தோடு காடு முழுவதும் விழுந்து முளைக்கும்.

பழைய கம்பி

இந்த ஒரு வேலையில் அவசரம் கூடவே கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பட்டியில் சினை மாடு ஒன்று தீனி எடுக்காமல், முதுகைக் கூனிக்கொண்டு, மேட்டிலிருந்து இறங்கத் தயங்கி நின்றது. தீவனத்தோடு விழுங்கிய இரண்டு அங்குலக் கம்பித் துண்டு ஒன்று வயிற்றின் முன்னறையைத் துளைத்து இதயத்தை எட்டியிருந்தது. வேலியிலிருந்து வெட்டிப் போட்டுப் பொறுக்காமல் விட்ட துண்டு அது. அந்த மாட்டைக் காப்பாற்ற முடியவில்லை.

இழுவையில் இருக்கும் கம்பியை நடுவில் வெட்டினால் முனை துள்ளி வந்து முகத்தில் அடிக்கும். தூணை ஒட்டி நின்று, ஒரு பக்கத்தைக் கட்டைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு வெட்ட வேண்டும். எவ்வளவு நீளமாக எடுக்க முடியுமோ அவ்வளவு நீளமாக எடுத்து, ஒரு கழியில் சுற்றிக்கொண்டே போக வேண்டும், ஏனெனில் துண்டு சிறிதாகச் சிறிதாகத்தான் ஆபத்து கூடும். மரத்துக்குள் புதைந்த கம்பியைப் பிடுங்க முயலாமல் இரு பக்கமும் பட்டையை ஒட்டி வெட்டிவிட்டு, மரத்தில் பெயின்டால் குறி போட்டுவிட வேண்டும். பின்னொரு நாள் அங்கே ரம்பம் வைப்பவரைக் காக்கப்போவது அந்தக் குறிதான். எல்லாம் முடிந்ததும் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வேலிக்கால் நெடுக இழுத்துப் பார்க்க வேண்டும். துருத்துண்டும் ஆணியும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே ஒட்டிக்கொண்டு வரும்.

கிளுவைப் போத்து ஊன்றுதல்

போத்துக்கு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. உச்சியில் மட்டும் தழைத்த பழைய கிளுவையை மூன்றடி உயரத்தில் வெட்டினால், வெட்டிய இடத்திற்குக் கீழே புதிய கிளைகள் விட்டு அடி அடர்த்தியாகும்; வெட்டியெடுத்த கிளைகளே போத்தாகிவிடும். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத, நோயற்ற கிளையைப் பங்குனியில், துளிர் விடும் முன்பே நான்கடி நீளத்துக்கு நறுக்க வேண்டும். அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டினால் தலைகீழாக ஊன்றும் தவறு நேராது. வெட்டுவாய் காய்வதற்காக ஒரு வாரம் நிழலில் சாய்த்து வைத்துவிட்டு, கோடை மழையை எதிர்பார்த்து ஊன்றலாம். பால் வடியும் ஈர வெட்டோடு ஊன்றினால் அழுகல் அதிகமாகிறது.

செத்த பகுதிகளில் ஓரடி ஆழத்துக்குக் கால்வாய் பறித்து, முக்கால் அடி இடைவெளியில் இரண்டு வரிசைகளாக, ஒரு வரிசையின் போத்துக்கு இரண்டு பக்கமும் ஓரடி விட்டு, அடுத்த வரிசையின் போத்து அந்த இடைவெளிக்கு நேராக வரும்படி ஊன்ற வேண்டும். இந்தக் கணக்கில் 100 அடிச் சந்துக்கு ஏறத்தாழ 200 போத்து வேண்டும். பட்டுப்போவதற்காக 40 சேர்த்து நறுக்கிக்கொள்ளலாம். மண்ணைத் தள்ளிக் காலால் நன்றாக மிதித்து இறுக்க வேண்டும், காற்றில் ஆடும் போத்தில் வேர் பிடிக்காது. இடுப்பளவு உயரத்தில் இரண்டு பக்கமும் மூங்கில் பிளாச்சு வைத்துப் பனை அகணியால் (மட்டை நாரால்) கட்டிவிட்டால் வரிசை அசையாமல் நிற்கும். நீர் தேங்கும் பள்ளத்தில் கிளுவை வராது. அங்கே கல்காலும் கம்பியும்தான் சரி.

ஊன்றிய வரிசைக்கு உட்புறமாக மூன்றடி தள்ளி, முன்பு எடுத்து வைத்த முட்கிளைகளை நெஞ்சளவுக்குப் பரப்பிக் கவைக்கோலால் அமுக்கிவிட வேண்டும். கிளுவைத் துளிரை வெள்ளாடு ஒரு நாளில் மொட்டையடித்துவிடும் என்பதால், இந்த முள்ளரண் இரண்டு மழைக்காலம் நிற்க வேண்டும்.

கம்பி வேண்டிய இடங்கள்

சாலையோரம், கிணற்றோரம், நீர் தேங்கும் பள்ளம் ஆகிய இடங்களில் மட்டும் கம்பி போட்டால் செலவு எவ்வளவு குறையும் என்பதை ஒரு கணக்கில் காணலாம். சதுரமான நான்கு ஏக்கர் கொறங்காட்டின் சுற்றளவு ஏறத்தாழ 1,670 அடி. முழுவதும் கம்பி வேலி என்றால் பத்தடிக்கு ஒன்றாக 167 கல்கால்களும், ஐந்து வரிசைக்கு 2,545 மீட்டர் கம்பியும், கட்டுவதற்குக் கூடுதலும் வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் போட்டால் 34 கற்களோடு முடிந்துவிடும்.

ஏழடிக் கல்லில் இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும். மூலைக்கல்லைச் சற்று நீளமாக எடுத்து மூன்றடி புதைத்து, கம்பி இழுக்கும் இரண்டு திசைக்கும் முட்டுக்கல் சாய்த்துவிட வேண்டும். மூலை சாய்ந்தால் நடுவில் உள்ள எந்தக் கல்லாலும் வேலியைத் தாங்க முடியாது. மாட்டுக்கு ஐந்து வரிசை போதும். செம்மறிக்குத் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கம்பி வலை வேண்டும், இரண்டு கம்பிக்கு நடுவே தலையை நுழைத்தால் உரோமமும் தோலும் முள்ளில் மாட்டிக்கொள்ளும். கறவை மாடு நடமாடும் பக்கத்தில், மடி உரசும் உயரத்தில் முள் இல்லாத கம்பியே போடுவது நல்லது. காட்டுப்பன்றிக்குப் பயந்து மின்கம்பத்திலிருந்து வேலிக்கு நேரடியாக மின்சாரம் இழுப்பது சட்டப்படி குற்றம். அதில் செத்தவர்களில் சொந்தக் காட்டுக்காரர்களும் உண்டு.

கேட்டை மேடான இடத்தில், டிராக்டர் திரும்ப 12 அடி அகலத்துக்கு அமைத்து, அடியில் நான்கு அங்குலத்துக்கு மேல் சந்து விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த இரண்டு ஆண்டு

ஐப்பசி மழை நின்றதும் வேலிக்கால் நெடுக நடந்தால், சீமைக்கருவேல் நாற்றுகள் ஒரு சாண் உயரத்தில் கைக்கு எட்டும் பருவத்தில் நிற்கும். ஈர மண்ணில் அவை ஒரே இழுப்பில் வந்துவிடும். மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடு இருப்பதால் இந்த நடையை எந்த ஆண்டும் தவிர்க்க முடியாது. பட்டுப்போன போத்துகளை எண்ணி, அடுத்த பங்குனியில் அதே இடத்தில் மாற்றுப் போத்து ஊன்ற வேண்டும். இரண்டாம் ஆண்டு மாசியில் புதிய கிளுவையின் நுனியை ஒரு முறை கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பின்னி அடி அடையத் தொடங்கும். அதன் பிறகே முள்ளரணை எடுத்து, அதே முள்ளை அடுத்த ஆண்டு திருத்தும் பக்கத்துக்குக் கொண்டுபோகலாம்.