பரிசல்காரனை அவசரப்பட்டுச் சாகடிக்காதீர்கள்

மாயக்கதைத் தொடர் எழுதுகிறவர்கள் இளவரசனுக்காக ஐந்து பாகம் யோசிப்பார்கள். அவனை அக்கரை சேர்க்கிற பரிசல்காரனுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். பரிசல்காரன் வந்தான், "எதிரிகள் நெருங்கிவிட்டார்கள்" என்றான், அம்பு பட்டுச் செத்தான். படித்த பென்னாகரத்து நண்பர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பரிசலை யாருப்பா திரும்ப எடுத்துட்டுப் போறது?"

ஒகேனக்கல்லில் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரோடு கீழே போன பரிசலைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு பாறைவழியே மேலே ஏறி வருவார்கள். இளவரசன் இறங்கிப் போன பிறகும் பரிசல்காரனுக்கு வேலை பாக்கி இருக்கிறது. நாயகன் பார்க்கும்போது மட்டும் உயிரோடு இருக்கும் ஆளைப் படைப்பதுதான் பெரிய தவறு.

அடுத்தது, சாகப்போகிறவனுக்குக் கடைசி நேரத்தில் இரண்டு பக்கம் பிளாஷ்பேக் வைப்பது. தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்கப்போய் உயிர்விட்டான் என்பதெல்லாம் சில வரிகளில் முடிந்துவிடும். தொறு என்றால் மாட்டு மந்தை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டுக் கல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப்போய் இறந்தான்; கூட இருந்த அவன் நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. நாயின் பெயர் கோவிவன். அவ்வளவு பெரிய பல்லவ மன்னன் அந்தக் கல்லில் ஆண்டுக்கணக்குக்கு மட்டுமே வருகிறான்!

பெயர் வைப்பதிலும் இப்படித் தவறு நடக்கும். தளபதிக்கும் குதிரைக்காரனுக்கும் ஒரேமாதிரி வீரேந்திரன், தீரேந்திரன் என்று வைத்தால் வாசகர் குழம்பிப்போவார்.

பேச்சில் இன்னொரு கோளாறு. ஓசூர்ச் சந்தையில் ஒரே வியாபாரி தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விலை பேசுவார். நம் கதையிலோ மூன்று ராஜ்ஜியம் தாண்டி வந்த ஒற்றன்கூட மேடைத் தமிழ் பேசுகிறான்.

முதல் பாகத்தில் இடக்கையால் வில் பிடித்தவன் நான்காம் பாகத்தில் வலக்கைக்காரன் ஆவதைத் தவிர்க்க ஒரு நோட்டு போதும். ஆளுக்கொரு பக்கம்: பெயர், ஊர், தழும்பு, யாருக்கு எவ்வளவு கடன், கடைசியாக எங்கே விட்டோம். என் நோட்டில் முதல் பக்கம் பரிசல்காரனுக்கு.