வேற்றுக் கோள்களை ஆராயும்போது எங்கே சறுக்குகிறோம்?

வெள்ளிக் கோளின் தரை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது செம்மஞ்சள் நிறத்தில் தகிக்கும் எரிமலைகளின் படம். 1990 முதல் 1994 வரை அந்தக் கோளைச் சுற்றிவந்த மெகல்லன் விண்கலத்தின் ரேடார் தரவுகளிலிருந்து உருவானது அது. ரேடாருக்கு நிறம் தெரியாது. அதில் வெளிச்சமாகத் தெரிவது பெரும்பாலும் கரடுமுரடான தரை. இருண்டு தெரிவது வழவழப்பான தரை. செம்மஞ்சளைப் பிறகுதான் பூசினார்கள், 1982-இல் அங்கே இறங்கிய சோவியத் கலங்களான வெனரா 13, வெனரா 14 அனுப்பிய படங்களின் சாயலை ஒட்டி. மாத் மான்ஸ் எரிமலை வானளாவ நிற்கும் புகழ்பெற்ற காட்சியில் செங்குத்து உயரத்தையும் பல மடங்கு கூட்டியிருக்கிறார்கள். அசல் மலையின் உயரம் சுமார் 8 கி.மீ.; அகலமோ நூற்றுக்கணக்கான கி.மீ. அதன் சரிவுகள் மிக மென்மையானவை.

இதில் மோசடி எதுவும் இல்லை. படத்தோடு வரும் குறிப்பிலேயே எல்லாம் எழுதியிருக்கிறது. குறிப்பை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. கருவி எதை அளந்தது, அதிலிருந்து நாம் எதை ஊகித்தோம் என்ற இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளாதவரை இந்தத் துறையில் அடுத்த அடி எடுத்துவைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சூரிய ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்க்காமல் விட்டால் பள்ளம்கூட மேடாகத் தெரியும்.

வளிமண்டலத்துக்கு வந்தால், அதிகம் ஏமாற்றுவது சதவீதம். வெள்ளியின் காற்றில் கரியமில வாயு 96.5 சதவீதம், செவ்வாயின் காற்றில் ஏறக்குறைய 95 சதவீதம். இரண்டு எண்களையும் அருகருகே பார்ப்பவர் இரண்டும் ஒரே மாதிரியான காற்று என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் வெள்ளியின் தரையில் காற்றழுத்தம் பூமியில் இருப்பதைப் போல 90 மடங்குக்கும் மேல்; செவ்வாயில் பூமியின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. வெள்ளியில் நைட்ரஜன் வெறும் 3.5 சதவீதம்தானே என்று ஒதுக்குகிறோம். மொத்தக் காற்று அவ்வளவு அதிகம் என்பதால், அந்த 3.5 சதவீதமே பூமியின் நைட்ரஜன் முழுவதையும்விடச் சில மடங்கு அதிகம்.

இதே கணக்கைச் செவ்வாய்க்கும் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே நிற்கும் கரியமில வாயுவின் எடை அங்கே 150 கிலோவுக்கும் மேல். பூமியில் அது ஏழு கிலோவை ஒட்டித்தான் வரும். அப்படியானால் செவ்வாய் வெப்பமாக அல்லவா இருக்க வேண்டும்? சராசரியாகச் சுழியத்துக்குக் கீழே 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்து கிடக்கிறதே, ஏன்? அழுத்தம் குறைந்த வாயு வெப்பக் கதிர்களைக் குறிப்பிட்ட சில அலைநீளங்களில், மெல்லிய கோடுகளாக மட்டுமே உறிஞ்சுகிறது; இடைவெளிகள் வழியே வெப்பம் தப்பிவிடுகிறது. அழுத்தம் கூடும்போதுதான் அந்தக் கோடுகள் அகன்று இடைவெளிகளை அடைக்கின்றன. பூமியில் வெப்பத்தைப் பிடித்துவைக்கப் பெரிதும் உதவும் நீராவியும் செவ்வாயில் மிக அற்பம். ஆகவே சதவீதத்தைச் சொல்லும்போது அழுத்தத்தையும் வெப்பநிலையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அடுத்தது, ஓரிடத்தைப் பார்த்துவிட்டுக் கோள் முழுவதையும் பற்றித் தீர்ப்பு எழுதுவது. 1995 டிசம்பரில் கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கலம் வியாழனின் காற்றுக்குள் இறங்கியபோது, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவான நீரே கிடைத்தது. வியாழனே வறண்ட கோள் என்று சொல்லத் தூண்டும் முடிவு அது. ஆனால் அந்தக் கலம் விழுந்தது, உலர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும் அபூர்வமான ஒரு பகுதியில். ஜூனோ விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு 2020-இல் வெளியான முடிவுப்படி, நிலநடுக்கோட்டுப் பகுதிக் காற்றின் மூலக்கூறுகளில் ஏறக்குறைய 0.25 சதவீதம் நீர்.

வடிவத்தை வைத்து வரலாற்றைச் சொல்வதும் இதே வகைதான். செவ்வாயின் குசெவ் பள்ளத்துக்குள் பழைய ஆற்றுப்பாதை போன்ற நீண்ட பள்ளத்தாக்கு ஒன்று வந்து முடிகிறது. ஏரிப் படிவுகள் இருக்கும் என்ற நம்பிக்கையில் 2004 ஜனவரியில் ஸ்பிரிட் ஊர்தியை அங்கே இறக்கினார்கள். சமவெளியில் அது கண்டது எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறைகள். ஏரி இருந்திருந்தாலும் அதன் தடயம் எரிமலைப் பாறைக்கு அடியில் போயிருக்கும். நீரால் மாற்றமடைந்த பாறைகளைப் பார்க்க, ஊர்தி கொலம்பியா குன்றுகள்வரை போக வேண்டியிருந்தது. சுற்றுப்பாதையிலிருந்து எடுக்கும் அகச்சிவப்பு நிறமாலையும் தரையின் மிக மெல்லிய மேற்படலத்தை மட்டுமே படிக்கிறது. மேலே தூசு படிந்திருந்தால் படிப்பது தூசைத்தான்.

விண்கல் பள்ளங்களை எண்ணி, பள்ளம் அதிகமென்றால் நிலம் பழையது என்று வயதைக் கணிப்பவர்களும் கவனிக்க வேண்டும். பெரிய மோதலில் தெறித்த பாறைகள் விழுந்து உண்டாக்கும் இரண்டாம் நிலைப் பள்ளங்களையும் சேர்த்து எண்ணினால், நிலம் அசல் வயதைவிட முதியதாகத் தெரியும். வெள்ளியிலோ சில கி.மீ.க்கும் சிறிய பள்ளங்களே இல்லை எனலாம். அதற்குக் காரணம் தரையின் வயது அல்ல. சிறிய விண்கற்களைத் தரையைத் தொடுமுன்பே அடர்ந்த காற்று சிதைத்துவிடுகிறது.

மிக நுண்ணிய அளவில் ஒரு வாயுவைக் கண்டுவிட்டோம் என்ற பரபரப்பு வரும்போதுதான் நிதானம் அதிகம் தேவை. வெள்ளியில் பாஸ்பீன் (பாஸ்பரசும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு; உயிரின் அடையாளமாக இருக்கலாம் என்று கருதப்படுவது) இருப்பதாக 2020 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. அல்மா தொலைநோக்கித் தரவின் அலைபாயும் பின்னணியை நீக்க 12-ஆம் படிப் பல்லுறுப்புக்கோவையை, அதாவது பலமுறை வளையக்கூடிய ஒரு கணிதக் கோட்டைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவ்வளவு வளைந்துகொடுக்கும் கோட்டைப் பொருத்தினால் வெறும் இரைச்சலிலிருந்தே, ஒரு வாயு இருப்பதைக் காட்டுவது போன்ற போலி நிறமாலைக் கோடுகள் முளைக்கும் என்று மற்றவர்கள் காட்டினார்கள். போதாததற்கு, சல்பர் டை ஆக்சைடின் ஒரு கோடும் கிட்டத்தட்ட அதே அலைவரிசையில் வருகிறது. தரவின் அளவுத்திருத்தத்தைச் சரிசெய்தபின் முதலில் சொன்ன அளவும் குறைந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை.

செவ்வாயின் மீத்தேனும் அப்படியே. 2019 ஜூனில் கியூரியாசிட்டி ஊர்தி நூறு கோடியில் 21 பங்கு என்று அளந்தது; சுற்றுப்பாதையிலிருக்கும் டிரேஸ் கேஸ் ஆர்பிட்டரோ 0.05 பங்குகூட இல்லை என்கிறது. ஊர்தியின் லேசர் கடந்துபோகும் முன்னறையில் பூமியிலிருந்தே போன மீத்தேன் இருந்ததால், அதைத் தனியே கணக்கிட்டுக் கழிக்க வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: உண்மையாக இருக்கக்கூடியதை மாசு என்று ஒதுக்கிவிடுவது. 1976-இல் வைக்கிங் கலங்கள் செவ்வாய் மண்ணைச் சூடாக்கியபோது குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் (கார்பனை அடிப்படையாகக் கொண்டவை) சிறிதளவு வந்தன. கருவியைச் சுத்தம் செய்த கரைப்பானின் மிச்சம் என்று அவற்றை ஒதுக்கினார்கள். 2008-இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. கரிமப் பொருளோடு அந்த உப்பைச் சூடாக்கினால் அதே சேர்மங்கள் கிடைக்கலாம் என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. 34 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி படிக்க முடிந்தது, அன்றைய அளவீடுகள் பதிவில் இருந்ததால்தான். எனவே மாசு என்று ஒன்றைக் கழிக்கும்போது, கழித்த அளவையும் அதற்கான காரணத்தையும் குறித்துவையுங்கள். மூலத் தரவின் மேல் எதையும் எழுதாதீர்கள்.