மருத்துவர் ஆய்வாளராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் எய்ட்ஸ் வராது என்று மருத்துவர்களிலேயே பலர் நம்பிக்கொண்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார் நிர்மலா. நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-ல் அப்படித்தான் தெரியவந்தன, ஓர் ஆய்வேட்டு வேலையின்போது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மருத்துவம் பார்த்துக்கொண்டே ஆய்வும் செய்ய விரும்பும் இளைஞர்கள் செய்யும் முதல் தவறு, எம்.டி. ஆய்வேட்டைத் தேர்வுக்கு முந்தைய சடங்காக நினைப்பது. சீனியரின் ஆய்வேட்டை எடுத்து ஆண்டையும் வயதுப் பிரிவையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் தேர்ச்சி கிடைத்துவிடும். கேள்வி கேட்கும் பழக்கம் அங்கேயே செத்துவிடும். வார்டில் பார்க்கும் எந்த நோயாளி புத்தகத்தில் உள்ளபடி குணமாகவில்லை என்பதிலிருந்து தலைப்பு பிறக்கட்டும். சின்னக் கேள்வியானாலும் அது உங்களுடையதாக இருக்கும்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, மிச்ச நேரத்தில் ஆய்வு செய்துகொள்ளலாம் என்று நம்புவது. மிச்ச நேரம் என்று ஒன்று கிடையாது. காலையில் புறநோயாளிப் பிரிவு, பிறகு வார்டு, வகுப்பு, இரவு டூட்டி. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாக நோயாளிகளைப் பார்க்கலாம் என்பதால், மாலையும் கிளினிக்கிற்குப் போய்விடுகிறது. வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்பும் இருக்கும்போது அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்கான கே-08, கே-23 நல்கைகளைத் தரும்போது, பணி நேரத்தில் பொதுவாக 75 சதவீதமாவது ஆய்வுக்கும் அதற்கான பயிற்சிக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது ஏன் என்று யோசியுங்கள். பணத்தைக் கொடுத்து நேரத்தைக் கொடுக்காவிட்டால் ஆய்வு நடக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். இங்கே வேலைக்குச் சேரும்போதே வாரத்தில் ஒரு முழுநாளையாவது கேளுங்கள்; வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது, தரவுகளையெல்லாம் திரட்டி முடித்த பிறகு புள்ளியியலாளரைத் தேடிப் போவது. திட்டம் தவறாக இருந்தால் அவரால் அப்போது எதையும் மீட்க முடியாது. காசநோயாளிகளைச் சானடோரியம் எனப்படும் தனி மருத்துவமனையில்தான் வைத்துப் பார்க்க வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதுமா என்று 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டுச் சிகிச்சையே போதும் என்று காட்டி உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. யாருக்கு எங்கே சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல்போலச் சீரற்ற முறையில் தீர்மானித்ததுதான் அதன் பலம். மருந்துச் சோதனை என்றால் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: 2018 ஏப்ரல் முதல், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு ஏற்கும்.

பதவி உயர்வுக்குக் கட்டுரைகள் தேவை என்றதும் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களிடம் போவது, வேலையே செய்யாத துறைத் தலைவரின் பெயரைச் சேர்ப்பது ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் பொய். வெளியான பொய்யைத் திரும்பப் பெறுவது கடினம்.

அவசரமும் ஒரு தவறுதான். டெல்லி எய்ம்ஸில் 1980-களின் நடுவில், பச்சிளங்குழந்தைகள் சிலருக்கு, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தும் அந்த நோய் இல்லாததைக் குழந்தை மருத்துவர் எம்.கே. பான் குழுவினர் கவனித்தார்கள். அந்தக் கிருமி வகையிலிருந்து உருவான ரோட்டாவாக் தடுப்பூசிக்கு 2014-ல்தான் உரிமம் கிடைத்தது. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது 2016-ல். அதன் இறுதிக்கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. இரண்டு ஆண்டில் கைவிட்டிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது.

தலைமைப் பொறுப்புக்கு வருபவர்கள் செய்யும் தவறு வேறு வகை. டீன் நாற்காலியை, இதுவரை செய்த ஆய்வுக்கான பரிசாக எடுத்துக்கொண்டு, கோப்புகளுக்குள் மூழ்கிவிடுகிறார்கள். பான் 2004 முதல் 2012 வரை மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் செயலராக இருந்தார். மருத்துவர்களும் விண்ணப்பித்து ஊதியத்தோடு ஆய்வு செய்ய வழிவிடும், அந்தத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து தரும் இந்தியா அலையன்ஸ் நல்கைகள் 2008-ல், அவர் அந்தப் பதவியில் இருந்தபோதுதான் தொடங்கின. அவ்வளவு பெரிய அதிகாரம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் துறைத் தலைவருக்கு டூட்டி பட்டியல் கையில் இருக்கிறது. ஆய்வு செய்யும் உதவிப் பேராசிரியருக்கு அதில் ஒரு நாளைக் காலியாக விடுவதும், அந்த நாளில் அவரைப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைக்காமல் இருப்பதும் துறைத் தலைவரால் நாளைக்கே செய்யக்கூடியவை.