ஐந்து பாகத்தையும் உடனே தூக்கிக் கொடுக்காதீர்கள்
(பதின்ம வயதுப் பிள்ளைகளின் வாசிப்பில் நாம் செய்யும் தவறுகள்)

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பின் பின்சுவரில் ஒரு புத்தக அலமாரி இருக்கிறது. அதன் முன்னால் நின்றுகொண்டு பெற்றோர் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "டீச்சர், இவன் புத்தகத்தையே தொடமாட்டேங்கிறான்." பையனைத் தனியாகக் கேட்டால் கதை வேறு. ராத்திரி ஒரு மணி வரை கைப்பேசியில் வெப்டூன், மாங்கா என்று படக்கதைகள், காற்பந்துச் செய்தி, மலாயில் திகில் கதை. இவ்வளவையும் கண்விழித்துப் படிப்பவனைத்தான் படிக்காதவன் என்கிறோம். தமிழிலும் தாளிலும் இல்லாத எதையும் கணக்கில் சேர்க்காதது முதல் தவறு. பேய்க்கதை பிடித்தால் தமிழிலும் பேய்க்கதையே கொடுங்கள். பாரதியார் கொஞ்சம் காத்திருப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது படிவம் 1. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் நாள் முழுக்கத் தமிழைப் பார்த்த பிள்ளைக்கு, இடைநிலைப்பள்ளியில் வாரத்தில் சில பாடவேளைதான் மிஞ்சும். அதுவும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் வகுப்பு என்கிறது 1996 கல்விச் சட்டம். இதனால் நடப்பது என்னவென்றால், பிள்ளையின் தமிழ் 12 வயதிலேயே நின்றுவிடுகிறது. ரசனை மட்டும் 15, 16 என்று வளர்ந்துகொண்டே போகிறது. சிங்கமும் முயலும் கதையைக் கொடுத்தால் கூச்சப்படுவான். பெரியவர்கள் நாவலைக் கொடுத்தால் மூச்சு முட்டும். நடுவில் இருக்கிற இந்தப் பள்ளத்தைப் பார்க்காமல் "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தமிழ்ப்பற்று இல்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

2022ல் படம் வந்த சூட்டில் ஒரு வீட்டில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் மொத்தமாக வாங்கிவிட்டார்கள். மகளுக்கு அப்போது 14 வயது. இரண்டு மாதம் கழித்து விசாரித்தேன். வந்தியத்தேவனின் குதிரை வீராணம் ஏரிக்கரையை விட்டு நகரவே இல்லை! அந்தப் பெண்ணிடம் பத்துப் பக்கச் சிறுகதை ஒன்றைக் கொடுத்தேன். முதல் இரண்டு பக்கத்தை நானே வாசித்துக் காட்டிவிட்டு, சரியான இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். முடித்துவிட்டோம் என்ற ருசி முதலில் வேண்டும், கனமான புத்தகம் அப்புறம் வரட்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் நிலாம் என்ற வாசிப்புத் திட்டத்துக்காகப் படித்த புத்தகத்தின் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் எல்லாம் பதிவு செய்கிறார்கள் இல்லையா, அதைப் பார்த்து நானும் புத்தகம் எடுத்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றேன். அடுத்த வாரமே அலமாரியில் ஒல்லிப் புத்தகங்களாகப் பார்த்துக் காணாமல்போக ஆரம்பித்தன. ஒருவன் பின்னட்டையை அப்படியே காப்பியடித்திருந்தான், விலையையும் சேர்த்து. அன்றோடு விட்டுவிட்டேன். வீட்டிலும் "இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்காதீர்கள். "அந்த ஆளு கடைசியில மாட்டினானா?" என்று கேட்டுப் பாருங்கள், வாய் மூடாமல் சொல்வான்.

பரிசளிப்பு விழாக்களில் 'வாழ்க்கையில் முன்னேறு' வகைத் தன்முனைப்பு நூல் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே புத்தகத்தின் மூன்று பிரதி வைத்திருக்கும் மாணவன் என் வகுப்பிலேயே இருக்கிறான். ஒன்றையும் பிரிக்கவில்லை.

இன்னொன்று, தமிழ்ப் புத்தகம் என்றாலே தமிழ்நாடு என்று நினைப்பது. "தாசில்தார்னா யாரு டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளைக்குப் ரப்பர் தோட்டத்துப் பால்மரமும், லயம் என்கிற வரிசை வீடும், தண்டல் என்கிற மேற்பார்வையாளரும் வருகிற கதை இருப்பதே தெரியாது. 1948 ஜூன் 16 அன்று நம் ஊர்ப்பக்கம் எல்பில் தோட்டத்தில் ஒருவர், பக்கத்துத் தோட்டத்தில் இருவர் என மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவித்தார்கள். வரலாற்றுப் பாடத்தில் இதை மனப்பாடம் செய்த ஒரு பையனிடம், "அது உங்க பாட்டி பால் வெட்டின தோட்டம்தான்" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தான். மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தான். அது தீர்ந்த பிறகு, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட வைத்த சயாம் மரண ரயில் பாதை பற்றித் தமிழில் ஏதாவது இருக்கிறதா என்று அவனாகவே வந்து கேட்டான். எந்த மொழியில் தொடங்கினான் என்று நான் சண்டை பிடித்திருந்தால் அலமாரி வரைக்கும் வந்திருக்க மாட்டான்.

வாசிக்கும்போது ழகரம் தப்பினால் நாலு பேர் முன்னால் திருத்துவதையும் நிறுத்துங்கள்.

நம் ஊரில் தமிழ்ப் புத்தகம் தேடி அலையத்தான் வேண்டும். ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகிறபோது பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய் 30 வெள்ளியைக் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் வெளியே தே தாரே குடியுங்கள். என்ன எடுத்தான் என்று பார்த்ததும் முகம் சுளிக்காமல் இருக்க முடியாது என்று தோன்றினால், வீடு வந்து சேரும்வரை பையைத் திறக்கச் சொல்லாதீர்கள்.