சிங்கப்பூர் கான்வென்ட் உயர்நிலைப் பள்ளியில் இடம் கேட்கும்போது

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் நான்கு பாடங்கள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை. 90 மதிப்பெண்ணுக்கு 1, 85க்கு 2, 80க்கு 3. நான்கு பாடங்களின் நிலைகளைக் கூட்டினால் வருவதே மொத்தப் புள்ளி; அது 4 என்றால் மிகச் சிறப்பு. கவனிக்க: 45க்கும் 64க்கும் ஒரே நிலை, 6தான். ஆகவே 64இல் நிற்கும் பாடத்துக்கு இன்னும் ஒரு மதிப்பெண் தேடுவதே லாபம்.

தெரிவுப் படிவத்தில் ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்தலாம். இணைப்புள்ள தொடக்கப்பள்ளி மாணவிக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் அந்த உயர்நிலைப் பள்ளியை முதல் தெரிவாகப் போட்டால் மட்டுமே. இரண்டாவதாகப் போட்டுச் சலுகையை இழப்பவர்கள் உண்டு. கடைசி இடத்துக்குப் போட்டியிடுபவர்களின் புள்ளி சமமானால் குடியுரிமை, பிறகு தெரிவு வரிசை, கடைசியில் கணினிக் குலுக்கல்.

கான்வென்ட் பள்ளிகளில் செயின்ட் நிக்கலஸ் சீன மொழிக்கான சிறப்பு உதவித் திட்டப் பள்ளி. தமிழ் எடுப்பவர்கள் தோ பாயோ கான்வென்ட் போன்றவற்றைப் பார்க்கலாம். தேர்வு முடிவுக்கு முன்பே திறமை பார்த்து இடம் தரும் நேரடிச் சேர்க்கையை உறுதிசெய்துவிட்டால் இந்தத் தெரிவுப் படிவமே கிடையாது.